தவக்காலத்தில் எந்த ஜெபத்தை எடுப்பது?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கும்போது, அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுக்களில்) தவறாமல் ஒரு பேச்சு வரும்: இந்தத் தவக்காலத்துக்கு என்ன செய்யலாம்? அசைவத்தை விடுவது, டீயை விடுவது, சீரியலை விடுவது என்று விட வேண்டியவை சீக்கிரம் முடிவாகிவிடும். ஜெபத்தைப் பற்றிக் கேட்டால்தான் தடுமாற்றம். சிலுவைப் பாதை, தினமும் ஜெபமாலை, பைபிள் வாசிப்பு, நற்கருணை ஆராதனை, காலைத் திருப்பலி என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றுக்கொள்கிறவர்களே அதிகம். மூன்றாம் வாரத்தில் பாதி நின்றுவிடும். மிஞ்சியதும் கடமைக்குச் சொல்லி முடிப்பதாக ஆகிவிடும்.

மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியத்திலும் இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினசரி ஜெபமாக ஒன்றே ஒன்றை எடுங்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் பங்கு மக்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். அந்த ஒன்று எது என்று முடிவு செய்ய மூன்றைப் பார்க்க வேண்டும்: உங்கள் நாளில் கலையாமல் கிடைக்கும் நேரம் எது, அப்போது வீட்டில் உடன் யார் இருக்கிறார்கள், உங்கள் ஜெபத்தில் இப்போது எது குறைகிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. சிலருடைய ஜெபத்தில் விண்ணப்பம் நிறைய இருக்கும், கேட்பது இருக்காது. சிலருக்கு வாசிப்பு இருக்கும், கண்ணீர் இருக்காது. சிலர் தினமும் திருப்பலிக்குப் போவார்கள். வீட்டில் யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறோம் என்பது அந்த ஜெபத்துக்குள் வந்திருக்கவே இருக்காது.

சிலுவைப் பாதையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் மக்களுக்குத் தவக்காலம் என்றாலே அதுதான். இயேசு சிலுவை சுமந்து நடந்த எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக, அந்தப் பாதையின் நிகழ்வுகளை நிலைகளாக ஊர்தோறும் அமைத்துக்கொடுத்த வழக்கம் இது. இதைப் பரப்பியதில் பிரான்சிஸ்கன் துறவிகளின் பங்கு பெரிது. 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் நிலைகளின் எண்ணிக்கையை 14 என்று உறுதிசெய்து, எல்லாக் கோயில்களிலும் வைக்க வழிசெய்தார். சாம்பல் புதனுக்கு அடுத்து வரும் வெள்ளி தொடங்கி ஆறு வெள்ளிகள், ஏழாவது புனித வெள்ளி.

இதன் பலம் உடலில் இருக்கிறது. எழுந்து, முழந்தாளிட்டு, திரும்பி, மறுபடி எழுந்து செய்யும் ஜெபம் இது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாலை ஆறரைக்குக் கோயிலுக்கு வருகிறவருக்குக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் தூக்கம்தான் வரும். நிலைக்கு நிலை உடம்பு அசைவதால் மனமும் கூடவே வருகிறது. வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழந்தாளிட்டுச் செல்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, உடம்பும் ஜெபிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பங்கில் நடக்கும்போது வேகம் நம் கையில் இல்லை. ஐந்தாம் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேன் ஊர் சீமோனைப் பிடித்து, கட்டாயப்படுத்திச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். அவர் அலெக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை என்று மாற்கு பெயரோடு சொல்கிறார். நற்செய்தியை முதலில் கேட்ட மக்களுக்கு அந்தப் பிள்ளைகள் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். விரும்பாமல் தோளில் ஏறிய ஒரு பாரம் ஒரு குடும்பத்தையே விசுவாசத்துக்குக் கொண்டுவந்ததோ என்று யோசிக்கத் தொடங்கும்போதே பாட்டு முடிந்து ஆறாம் நிலை வந்துவிடும். முதியோர் இல்லத்தில் சேர்க்காமல் மாமியாரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு, அந்த ஐந்தாம் நிலையில் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் தனியாகச் செய்யும் சிலுவைப் பாதை. மத்தியானம் கோயில் திறந்திருக்கும் ஊர்களில் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மூன்று முறை விழுந்ததும் வெரோணிக்கா முகம் துடைத்ததும் நற்செய்தியில் இல்லையே என்று உறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991 புனித வெள்ளியன்று ரோமில் பயன்படுத்திய நிலைகள் உதவும். அவை இயேசு ஜெபித்த கெத்சமனித் தோட்டத்தில் தொடங்குகின்றன. பேதுரு மறுதலித்ததும் நல்ல கள்ளனுக்குக் கிடைத்த வாக்குறுதியும் அதில் தனி நிலைகள். எல்லாமே விவிலியத்தில் உள்ளவை. பழைய பதினான்கில் ஊறியவர்கள் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் எண்ணம். தாய் மகனை வழியில் சந்திக்கும் நான்காம் நிலையில் எங்கள் பங்குப் பெண்கள் அழுகிற அழுகை, ஆயிரம் பிரசங்கத்துக்கு மேல்.

சிலுவைப் பாதையைத் தினசரி ஜெபமாக எடுக்கச் சொல்வேனா? மாட்டேன். வாரத்துக்கு ஒருமுறை கூட்டத்தோடு செய்யும்போதுதான் அதற்கு முழு வலிமை. நடக்க முடியாதவர்கள் வீட்டில் பதினைந்து நிமிடம் பாடுகளை வாசித்துத் தியானித்தாலும் அதற்குரிய பரிபூரண பலன் உண்டு என்று திருச்சபை சொல்கிறது. படுக்கையில் இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று அவர்கள் படும் வேதனை பெரிது.

ஜெபமாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும், இருபது நிமிடத்தில் முடியும், பஸ்ஸிலும் சொல்லலாம். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறைபொருள்கள்: கெத்சமனி வியர்வை, கற்றூணில் அடிபட்டது, முள்முடி, சிலுவை சுமத்தல், மரணம். சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் ஒன்றாக இருக்கும் வீட்டுக்கு இதை மிஞ்சிய ஜெபம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைகூட ஜெபமாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதிக்குத் தலைமை தாங்க முடியும். அது வேறு எந்த ஜெபமுறையிலும் நடக்காது. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். ஏற்கெனவே தினமும் ஜெபமாலை சொல்கிற குடும்பம் அதையே தவக்கால முயற்சியாகவும் வைத்துக்கொண்டால் எதுவும் மாறாது. அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு மறைபொருளுக்கும் முன் நற்செய்தியிலிருந்து அந்தப் பகுதியை நாலைந்து வரி வாசித்து, ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு மணிகளைத் தொடங்கட்டும். அந்த ஒரு நிமிடம் பழகப் பழகத்தான் கைகூடும்.

மூன்றாவது, இறைவார்த்தையை வைத்துச் செய்யும் தியானம். துறவு மடங்களில் பிறந்த லெக்ஸியோ டிவினா என்ற முறை. இதற்கும் தவக்காலத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் கொடுக்க வேண்டும், அதை முதலிலிருந்து வரிசையாக முழுவதும் வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. வாசிக்கும் நேரத்தில் யாராவது சோம்பி உட்கார்ந்து வம்பளக்கிறார்களா என்று பார்க்க மூத்தவர்கள் ஒருவர் இருவர் சுற்றி வரவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. துறவிகளுக்கே கண்காணிப்பு தேவைப்பட்டிருக்கிறது என்றால் கைபேசி வைத்திருக்கும் நமக்கு எவ்வளவு தேவைப்படும்!

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியன் துறவி இதை நான்கு படிகளாக வகுத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்நிலைக் காட்சி. வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மெல்கிறது, ஜெபம் சுவையைப் பெறுகிறது, கடைசிப் படி அந்தச் சுவையே என்பது அவர் விளக்கம். எனக்குத் தெரிந்து இதைவிட எளிதாக யாரும் சொல்லவில்லை. மெல்லாமல் விழுங்குவதுதான் நம் வழக்கமான பைபிள் வாசிப்பு.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு பகுதியை வைத்துக் காட்டுகிறேன். திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டில் தவக்கால மூன்றாம் ஞாயிறுக்குச் சமாரியப் பெண்ணின் நற்செய்தி வரும், யோவான் 4ஆம் அதிகாரம். நீளமான பகுதி. முதல் தடவை முழுவதும் மெதுவாக வாசியுங்கள், வாய்விட்டு. இரண்டாம் தடவை எங்காவது மனம் நிற்கும். ஒருவருக்கு ‘நண்பகல்’ என்ற சொல்லில் நிற்கலாம். தண்ணீர் எடுக்க மற்றப் பெண்கள் வராத உச்சி வெயிலில் இவள் ஏன் வந்தாள்? யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் வந்திருப்பாளோ? இன்னொருவருக்கு 28ஆம் வசனத்தில் நிற்கலாம். அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். எதற்காக வந்தாளோ அதையே மறந்துவிட்டுப் போகிறாள். நின்ற இடத்தில் நில்லுங்கள். மேலே வாசிக்க வேண்டாம். நான் தினமும் எந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கிணற்றுக்குப் போகிறேன் என்று இயேசுவிடமே பேசுங்கள். அப்புறம் பேச்சும் தானாக அடங்கும். அடங்கியபின் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு எழுந்தால் போதும். 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் வெளியிட்ட இறைவார்த்தை பற்றிய மடலில், வாசித்தது செயலாகும் வரை இது முடிவதில்லை என்கிறார். சமாரியப் பெண் ஊருக்குள் போய்ச் சொன்னாள். நீங்கள் யாரிடம் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு அரை மணி நேர அமைதி வேண்டும். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது அது கிடைக்காது. அதிகாலை நாலரைக்கு எழுகிறவர்களுக்குக் கிடைக்கும். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு, பச்சைக் குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. இன்னொரு தடை, படித்தவர்களுக்கு வருவது: தியானம் கட்டுரை எழுதுவதாக மாறிவிடும். விளக்க நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஞாயிறு பிரசங்கத்துக்குத் தயாரிப்பது மாதிரி ஆகிவிடும். கையில் விவிலியம் மட்டும் இருக்கட்டும். ஜெபத்தில் பேச்சு நிறைய, கேட்பது குறைவு என்று நினைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே தேர்ந்தெடுக்கலாம்.

தென்னிந்தியத் திருச்சபை, லூத்தரன் நண்பர்கள் இதற்கு நெருக்கமான ஒன்றை லெந்து நாட்களில் (தவக்காலத்தை அவர்கள் அழைக்கும் பெயர்) செய்கிறார்கள். காலையில் ஒரு வேதப்பகுதி, ஒரு சிறு தியானம், ஒரு ஜெபம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துத் தியானிக்கலாம். கத்தோலிக்க வீடுகளிலும் இதை எடுத்துக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. கலப்புத் திருமணம் செய்த குடும்பங்களுக்கு இருவரும் சேர்ந்து செய்யக்கூடிய ஜெபமாக இது அமையும்.

இப்போது ஆன்ம சோதனைக்கு, அதாவது அன்றைய நாளைக் கடவுள்முன் திரும்பிப் பார்க்கும் ஜெபத்துக்கு, வருகிறேன். வேலைக்குப் போகிற பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் உள்ளது. அந்த நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகாரம் கொடுத்தார். படிப்பில் மூழ்கியிருக்கும் இளம் சேசு சபையினருக்கு மற்ற ஜெப நேரத்தை அளவாக வைத்த இஞ்ஞாசியார், இதை மட்டும் நாளுக்கு இருமுறை என்று வைத்தார்.

இரவு படுக்கும் முன் பதினைந்து நிமிடம் போதும். முதலில் நன்றி. அன்று கிடைத்தவற்றைப் பெயர் சொல்லி நினைக்க வேண்டும்: மதியம் பகிர்ந்து சாப்பிட்ட சாப்பாடு, பஸ்ஸில் இடம் விட்டவர், குறைந்த காய்ச்சல். பிறகு, என் நாளை உம் கண்ணால் பார்க்க ஒளி தாரும் என்று கேட்பது. மூன்றாவதாகக் காலையிலிருந்து மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்ப்பது. அங்கேதான் வேலை நடக்கிறது. பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தார்கள், ‘அப்புறம் பேசுறேன்’ என்று வைத்தாயிற்று, திரும்பக் கூப்பிடவில்லை. நான்கு மணிக்குத் தன்கீழ் வேலை பார்ப்பவரை எல்லார் முன்னாலும் பேசியது, கோபத்தைவிட அவமானப்படுத்தும் ஆசையால்தான் என்று அப்போது தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்பது நான்காவது. நாளைக்கு என்ன செய்வேன் என்று முடிவெடுப்பது ஐந்தாவது. அம்மாவுக்கு நாளைக் காலை முதல் போன். அவ்வளவுதான்.

இஞ்ஞாசியார் இன்னொன்றும் வைத்திருக்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் கவனிப்பது. நாளுக்கு இரண்டு கோடாக ஏழு நாளைக்கும் கோடுகள் போட்டு, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார்; இன்றைய புள்ளிகளை நேற்றோடு, இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடச் சொல்கிறார். விழுந்த அந்த நொடியிலேயே யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார். சுடுசொல் பேசுவதையோ புறம் பேசுவதையோ எடுத்துக்கொண்டு ஒரு தவக்காலம் இப்படிச் செய்தவர் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போகும்போது, மனப்பாடமாகச் சொல்லும் பாவப் பட்டியலோடு போகமாட்டார். சாம்பல் புதன் முதல் வாசகத்தில் இறைவாக்கினர் யோவேல், உடைகளை விட்டுவிட்டு இதயத்தைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறாரே, அதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எதைச் செய்தாலும் பாவமாகிவிட்டதோ என்று ஏற்கெனவே வதைபடுகிற மனம் சிலருக்கு உண்டு. மன்னிப்புப் பெற்ற பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிடுவார்கள். அவர்கள் கையில் புள்ளிக் கணக்கைக் கொடுப்பது கொடுமை. ஆற்றாமையும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு ஜெபமாலை நல்லது, திருப்பாடல்கள் இன்னும் நல்லது. ஆன்ம சோதனை எடுப்பவர்களும் முதல் படியான நன்றியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. நன்றி இல்லாமல் நாளைத் திரும்பிப் பார்த்தால் மிஞ்சுவது தன்னைத் தானே திட்டிக்கொள்வது மட்டும்தான்.

திருப்பாடல்கள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகிய ஏழும் பழங்காலத்திலிருந்தே மனமாற்றத் திருப்பாடல்கள் என்று அழைக்கப்படுகின்றன. தவக்காலத்தில் ஏழு வெள்ளிகள் வருவதால் வாரத்துக்கு ஒன்று என்று சரியாக அமைகிறது. 430ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் இருந்த புனித அகுஸ்தீன், மனமாற்றத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதார் என்று அவரோடு வாழ்ந்த பொசிதியு பதிவு செய்திருக்கிறார். நோயாளிகளுக்கும், சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வராத துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நான் வேறு எதையும் சொல்வதில்லை. ஒரு திருப்பாடலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தால் போதும்.

இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் வியாகுலப் பிரசங்கம் என்ற செல்வம் இருக்கிறது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742 வரை அங்கேயே உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. இயேசுவின் பாடுகளை உருக்கமான உரைநடையில், இராகத்தோடு வாசிப்பார்கள். பாடத் தெரிந்த பெரியவர் ஒருவர் உள்ள குடும்பங்கள், அவர் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கேட்கச் செய்யுங்கள். இந்த ஒன்றைப் பொறுத்தவரை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

சரி, முடிவெடுக்கும் இடத்துக்கு வருவோம். பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள வீடு என்றால் நற்செய்தி வரிகளோடு ஜெபமாலை. அதிகாலை அமைதி கிடைக்கிறவர்களுக்கு, குறிப்பாக ஜெபம் வறண்டுபோனதாக உணர்கிறவர்களுக்கு இறைவார்த்தை. ஓடிக்கொண்டே இருக்கும் வேலை, இரவில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடும் நேரம் என்றால் ஆன்ம சோதனை. விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞர்களுக்கும் அதுவே. விளக்கணைத்த பிறகும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு மறைவாக ஜெபிக்கச் சொல்லும் மத்தேயு 6ஆம் அதிகாரம்தான் சாம்பல் புதனின் நற்செய்தி. இவற்றில் எதை எடுத்தாலும் வெள்ளி மாலை சிலுவைப் பாதைக்குப் போய்விடுங்கள். தனி ஜெபத்தில் கிடைக்காத ஒன்று அந்தக் கூட்டத்தில் இருக்கிறது: நமக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவரின் பாரம் நமக்குத் தெரிய வருகிறது.

எடுத்த முடிவை ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். பெனடிக்ட் தம் ஒழுங்கின் 49ஆம் அதிகாரத்தில், தவக்காலத்தில் தாமாக முன்வந்து எதைக் கூடுதலாகச் செய்தாலும் அதை மடாதிபதியிடம் சொல்லி, அவர் ஜெபத்தோடும் சம்மதத்தோடும் செய்ய வேண்டும் என்கிறார். சொல்லாமல் செய்வது வீண்பெருமையில் போய் முடியும் என்பது அவர் அச்சம். நமக்குப் பங்குத்தந்தை இருக்கிறார், இல்லையென்றால் கணவனோ மனைவியோ. ‘எப்படிப் போகுது?’ என்று இரண்டாம் வாரத்தில் கேட்க ஒருவர் வேண்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். மறுநாளுக்குரியதை மட்டும் செய்யுங்கள். இரட்டிப்பாகச் செய்யத் தொடங்கியவர்கள் மூன்றாவது நாளில் மொத்தமாக விடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாதித் தவக்காலம் போனபிறகு இதை வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் சிலுவைப் பாதையையே தினசரி ஜெபமாகச் சொல்வேன். ஐந்தாம் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு வீட்டில் முதல் நிலையைத் தொடங்கி, நாளுக்கு ஒரு நிலையாகப் பத்து நிமிடம் வாசித்துத் தியானித்தால், பதினான்காம் நிலை சரியாகப் புனித வெள்ளியன்று இரவு வரும். சீமோன் வருவது அடுத்த புதன்கிழமை.